உப்புப் பார்த்த கறி

பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களின் முகத்தைக் கோட்டை ரயில் நிலையத்தில் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். எந்த வீட்டிலிருந்து தப்பி ஓடி வந்தார்களோ, அதே வீட்டுக்குக் கேக் பெட்டியும் பிளாஸ்டிக் மாலையும் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போவார்கள். நானும் போனேன். கேக் வாங்கவில்லை, சிரிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

வத்தளையில் ஒரு பொருட்கிடங்கில் இரவு வேலை செய்கிறேன். மாலை ஏழு மணிக்கு உள்ளே போனால் காலை ஏழு மணிக்கு வெளியே விடுவார்கள். அதற்கு முன் பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கெம்பஸில், ஒன்றரை வருடம் இருந்துவிட்டு விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதற்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், பத்துக் காரணம் சொல்வார்கள். பத்தும் பிழை. படிக்கப் பிடிக்கவில்லை, விட்டேன். அதை ஒரு காரணமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு கெம்பஸ் கிடைத்தபோது மாரியம்மன் தந்தது என்று கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள். விட்டபோது, அது யார் தந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் தோட்டம் தெமோதரைக்கு மேலே இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். ஐப்பசி மழையில் பாதை முழுக்க அட்டை. தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் வீட்டை அடைந்தபோது காலில் மூன்று அட்டை இருந்தன. அம்மா அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மெலிஞ்சு போயிட்ட" என்றாள். நான் இரண்டு கிலோ கூடியிருந்தேன். எல்லாத் தாய்களும் சொல்லும் பொய்யை அவளும் சொன்னாள்.

அப்பா செத்து ஐந்து வருடம். எங்கள் பக்கம் தீபாவளி என்றால் பாதி செத்தவர்களுக்குத்தான். பகலில் வீட்டுக்குள் அவர்களுக்குப் படைப்பார்கள். படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டு, சோறு, ஆட்டுக்கறி, முறுக்கு, உடுக்கப் புதுச் சாரம், அவர் குடிக்கிறவராக இருந்தால் சாராயம், புகைக்கிறவராக இருந்தால் சிகரெட், எல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். செத்தவர் வந்து தின்றுவிட்டுப் போக ஐந்து நிமிடம். உயிரோடு இருந்தபோது அப்பாவுக்குத் தின்ன அரை மணி நேரம் வேண்டும். செத்தபிறகு சுறுசுறுப்பாகிவிட்டார் போலும்.

இதில் ஒரு சட்டம் உண்டு. படைக்கிற கறியை முதலில் யாரும் தொடக்கூடாது. முதல் அகப்பை செத்தவருக்கு. சமைக்கிறவள் நாக்கில் வைத்து உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. அதனால் ஐந்து வருடமாக எங்கள் வீட்டுத் தீபாவளிக் கறி உப்புக் கரிக்கும், அல்லது சப்பென்று இருக்கும். அதைத் தின்றுவிட்டு எல்லாரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். அப்பா எதுவும் சொன்னதில்லை.

இதை நடத்துகிறவர் பெரியப்பா இராமையா. அப்பாவின் அண்ணன். முன்பு கங்காணியாக இருந்தவர், இப்போது கோயில் கமிட்டியில் இருக்கிறார். வேலை போய்விட்டது, அதட்டல் போகவில்லை. பக்கத்து லயத்தில் இருந்துகொண்டு எங்கள் வீட்டையும் சேர்த்து ஆள்கிறார்.

அவருக்கு எதிர்க்கட்சி என் தங்கை சுபாஜினி. பண்டாரவளையில் ஆட்டோ ஓட்டும் நிமலனைக் கட்டிக்கொண்டு, அவனுடைய ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். படைத்ததைத் தின்னக் கூடாது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். மதம் மாறினவள் படைக்கிற வீட்டுக்குள் வரக்கூடாது என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். உலகத்தில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர், சுபா எங்கள் வீட்டில் தின்னக் கூடாது என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். மூன்று தீபாவளிக்கு அவள் வந்து, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த பாண் ரொட்டியைச் சம்பலோடு தின்றுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள். நிமலன் வருவதே இல்லை. அவன் புத்திசாலி.

இந்த வருடம் அவளுக்கு ஐந்து மாதம். அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வயிற்றுப் பிள்ளையோடு வருகிற மகள் வீட்டுக்குள் உட்கார்ந்து, தன் கையால் போட்ட சோற்றைத் தின்ன வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை. என் கலியாணத்தைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

தீபாவளிக் காலையில் மலைத் தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்துவிட்டு வந்தேன். எண்ணெய்ப் பிசுக்குப் போகவில்லை. கோயில் ஒலிபெருக்கி ஆறு மணிக்கே தொடங்கிவிட்டது. இரவு முழுக்க விழித்துக் கிடந்த எனக்கு அப்போதுதான் தூக்கம் வந்துகொண்டிருந்தது. உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

எட்டு மணிக்குப் பெரியப்பா இறைச்சி கொண்டுவந்தார். கீழ் லயத்தில் ஆடு அறுத்துப் பங்கு போட்டிருந்தார்கள். ஒரு பங்கு என்றால் ஒரு வீட்டுக்கு ஒரு சட்டிக் கறி. பையிலிருந்து ஒரு எலும்பை எடுத்து அம்மாவின் கையில் தனியாகக் கொடுத்தார்.

"நல்லி. கணேசன் பங்குல கெடந்துச்சு. என் தம்பிக்குன்னு சொல்லிச் சண்ட போட்டு வாங்கிட்டு வந்தேன்."

"அவருக்கு அதுன்னா உசிரு" என்றாள் அம்மா.

"இலையில நடுவுல வைக்கணும். மறந்துறாத."

தம்பிக்கு உயிர் இருந்தபோது இவர் ஒரு எலும்பும் வாங்கிக் கொடுத்ததில்லை. அதைச் சொன்னால் கெம்பஸ் கதைக்கு வருவார்.

பத்து மணிக்குச் சுபா வந்தாள். ஏறி வந்த களைப்பில் இஸ்தோப்புப் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பையில் கடைப் பாண் தெரிந்தது.

"என்னாண்ணே, வவ்வா மாதிரி இருக்க?"

"பகல்ல தொங்குறேன். ராத்திரியில பறக்குறேன்."

"ஒனக்காக ஜெபம் பண்றோம்."

"நான் கேட்டேனா?"

"கேக்காதவங்களுக்குத்தான் மொதல்ல பண்ணணுமாம். பாஸ்டர் சொன்னாரு."

"பகல்ல தூக்கம் வரணும்னு பண்ணச் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவள் சிரித்தாள். உள்ளே கறி கொதிக்கத் தொடங்கியிருந்தது. மணம் வந்ததும் எச்சில் விழுங்கினாள். நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திங்கணும் போல இருந்தா உள்ள வந்து தின்னேன்" என்றேன்.

"படைச்சதத் திங்கக் கூடாது."

"ஒனக்கா, புள்ளைக்கா?"

"போண்ணே, ஒனக்கு ஒண்ணும் வெளங்காது."

பெரியப்பா புது வேட்டியோடு வந்தார். சுபாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"வந்தவங்க வெளிய இருக்கட்டும். உள்ள காரியம் நடக்கப் போவுது."

"நாங்க உள்ள வரவும் மாட்டோம், தின்னவும் மாட்டோம் பெரியப்பா. நீங்க வெசனப்படாதீங்க."

"சொவர்க்கிட்ட பேசுனா சொவரு வாயாடுது" என்று சொல்லிவிட்டு அவர் வாழையிலை வெட்டப் போனார்.

அந்த நேரம் பார்த்து அம்மா என்னைக் குசினிக்குக் கூப்பிட்டாள். ஈர விறகு. கண்ணைத் திறக்க முடியாத புகை.

"கதவச் சாத்து" என்றாள். சாத்தினேன். "சுபா போன்ல என்னா சொன்னா தெரியுமா? படைக்கிறதுக்கு முன்ன எடுத்து வச்சா சாப்புடுறேன்னு சொன்னா. படைக்காதது சும்மா கறிதானாம். பாவமில்லையாம்."

"அப்ப எடுத்து வையி."

"என்னா பேசுற நீ? மொத அகப்ப ஒங்கப்பாவுக்கு. நான் எடுத்தா அந்த மனுசன் பாத்துக்கிட்டுத்தானே இருப்பாரு?"

"நான் எடுத்தா பாக்க மாட்டாரா?"

"நீதான் சாமியும் இல்ல, ஒண்ணும் இல்லங்கிறவனாச்சே. ஒனக்கு என்னா வந்துச்சு? நீ எடு."

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லாதது அந்த வீட்டில் ஒருவருக்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை. விரதமிருந்து சமைக்கிறவள் செய்ய முடியாத பாவத்தைச் செய்ய ஒரு கூலி தேவைப்பட்டது. மகன் இருந்தான்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அகப்பை சட்டியில் இடிக்கும் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். கேட்டால் பரவாயில்லை, பார்த்தால்தான் பாவம். நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு இரண்டு அகப்பை அள்ளிச் சாப்பாட்டுப் பெட்டியில் ஊற்றி, மூடி, அடுப்புக்கு மேலே விறகு காயும் தட்டில் வைத்தேன்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"நான் ஒண்ணும் பாக்கல" என்று அப்பாவுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

பதினொன்றரைக்குப் பெரியப்பா இலை போட்டார். அப்பாவின் படத்துக்குச் சின்னச் சீனா பல்ப் மாலை. மின்னி மின்னி எரிந்தது. அப்பாவின் முகம் சிவந்தும் பச்சையாகியும் ஏதோ சூதாட்டக் கடை வாசல் மாதிரி இருந்தது. சோறு வைத்தார். முறுக்கு வைத்தார். அரைப் போத்தல் சாராயத்தின் மூடியைத் திறந்து வைத்தார். அதில் அப்பா குடித்தது போக மிச்சம் யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு கறிச் சட்டியை வாங்கி அகப்பையால் கிண்டினார். மறுபடி கிண்டினார்.

"நல்லி எங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சட்டியில் இருந்தது ஒரே ஒரு நல்லி. புகையிலும் தூக்கத்திலும் அதைத்தான் அள்ளிப் பெட்டியில் போட்டிருந்தேன்.

"கரைஞ்சா போச்சு? எலும்பு கரையுமா இராக்கம்மா? காலையில ஒங் கையிலதானே குடுத்தேன்?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். பொய் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. உண்மை சொன்னால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். பெரியப்பா பெட்டியை இறக்கி, அதிலிருந்த அத்தனையையும் இலையில் கொட்டுவார். படைத்ததாகிவிடும். சுபா பாணை எடுப்பாள். அம்மா புருசனை ஏமாற்றினாள் என்று லயம் முழுக்கப் பேச்சு வரும். ஏற்கெனவே என்னைப் பற்றி அவர்கள் நினைப்பதற்கு மேல் நினைக்க இடமில்லை. அதனால் நான் சொன்னேன்.

"நான் தின்னுட்டேன்."

பெரியப்பா அகப்பையைப் பிடித்தபடி திரும்பினார்.

"என்னாது?"

"பசிச்சுச்சு. தின்னுட்டேன்."

"எப்ப?"

"இப்பத்தான். கைய விட்டு எடுத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, உப்பு மட்டும் கொறவு."

அந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லாதது. அதுதான் அவரை முடித்தது. அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எச்சி பண்ணிட்டானே. முழுச் சட்டியையும் எச்சி பண்ணிட்டானே. செத்த அப்பனுக்கு வச்சதத் திங்கிற நாயி. இதுக்கா கெம்பஸ் போன நீ?"

"அங்க இதச் சொல்லித் தரல பெரியப்பா. அதான் விட்டுட்டேன்."

"வாயப் பாரு. வாயப் பாரு இவனுக்கு."

இஸ்தோப்பிலிருந்து சுபா எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள். அடுத்தவன் வீட்டுச் சண்டை கேட்பதற்கு அந்த லயத்தில் எப்போதும் ரேடியோ குறையும்.

எச்சில்பட்ட கறியைப் படைக்க முடியாது. வேறு இறைச்சி இல்லை. பன்னிரண்டு மணிக்குள் படைக்க வேண்டும் என்று கோயில் ஐயர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். பெரியப்பா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மா குசினிக்குப் போய் இரண்டு முட்டையை உடைத்து, வெங்காயம் போட்டுப் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அதுவும் உப்புப் பார்க்காமல்தான்.

பெரியப்பா அதை இலையின் நடுவில் வைத்தார். சூடம் கொளுத்தினார். படத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, ஓம் மவன் ஒன்னோட கறியத் தின்னுட்டான். நான் என்னா செய்ய? முட்டையத் தின்னுட்டுப் போ."

கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் இஸ்தோப்பில் நின்றோம். பெரியப்பா ஒரு மூலை, சுபா ஒரு மூலை, நான் மழைத் தண்ணீர் சொட்டும் இடம். சுபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நல்லி பிடிக்கும், எனக்குப் பிடிக்காது என்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். அப்பா உறிஞ்சி மிச்சம் வைப்பதைத் தின்றவள் அவள்.

கதவைத் திறந்ததும் அம்மா நேராகக் குசினிக்குப் போனாள். கறிச் சட்டியைத் திறந்து, அகப்பையில் குழம்பை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். ஐந்து வருடத்தில் முதல் தடவை. பிறகு உப்புப் போட்டாள். கிண்டினாள். மறுபடி நக்கினாள். கொஞ்சம் மிளகுத்தூள் போட்டாள். அவள் அவசரப்படவே இல்லை. உப்புப் பார்க்கிற ஒரு பொம்பிளையின் முகத்தை அதற்கு முன் நான் கவனித்ததில்லை. வேலை தெரிந்தவளின் முகம் அது. அந்த ஐந்து வருடமும் வேண்டுமென்றே அவளைக் குருட்டுச் சமையல் செய்ய வைத்திருக்கிறார்கள் என்று அப்போது பட்டது. வைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

இஸ்தோப்புக்கு வந்து சொன்னாள்.

"சுபா, உள்ள வா. சாப்புடு."

"அம்மா, நான் பாண்..."

"கறி படைக்கல. முட்டைதான் படைச்சது. முட்டையத் தொடாத. உள்ள வா."

சுபா பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். எதை வைத்துத் தடுப்பது என்று தெரியவில்லை. காரியம் முடிந்துவிட்டது. செத்தவர் வந்து போய்விட்டார். சட்டியில் இருப்பது வெறும் ஆட்டுக்கறி. மூன்று வருடச் சண்டை இரண்டு முட்டையளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

சுபா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். பெரியப்பாவும் உட்கார்ந்தார். காலையிலிருந்து பட்டினி. பசி எந்தக் கமிட்டிக்கும் கட்டுப்படாது. அம்மா பீங்கான்களில் சோறு போட்டாள். பிறகு எல்லாரும் பார்க்க அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை இறக்கி, திறந்து, சுபாவின் சோற்றின் மேல் கவிழ்த்தாள். நல்லி உருண்டு வந்து நடுவில் நின்றது.

பெரியப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"இவன் தின்ன எலும்பு எங்கருந்துடி மொளச்சுச்சு?"

"அவன் திங்கல. நாந்தான் சுபாவுக்கு எடுத்து வைக்கச் சொன்னேன்."

"படைக்கிறதுக்கு முன்னயா? தெரிஞ்சா செஞ்ச?"

"தெரிஞ்சுதான் பெரிய மச்சான். ஒங்க தம்பிக்கு வருசா வருசம் வச்சேன். அவரு வந்து தின்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இந்தா உக்காந்திருக்காளே, இவளுக்குப் பசிக்கிறது எனக்குத் தெரியுது. மூணு வருசமா வெளிய உக்காந்து பாணத் தின்னா. நான் உள்ள உக்காந்து கறியத் தின்னேன். எனக்கு எறங்கல."

அம்மா அவரிடம் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள், அடுத்த பீங்கானுக்குக் கறி போடத் தயாராக.

பெரியப்பா எழுந்தார். தன் பீங்கானையும் எடுத்துக்கொண்டார். அதில் கறி இருந்தது. இஸ்தோப்புக்குப் போய், சுபா உட்கார்ந்திருந்த பெஞ்சில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு தின்னத் தொடங்கினார். அந்த இடத்துக்கு எப்போதும் ஒரு ஆள் வேண்டும் போலிருக்கிறது. போத்தலையும் எடுத்துப் போயிருப்பார், ஒரு கையில் பீங்கான், மற்றக் கை எச்சில் என்பதால் விட்டுப் போனார்.

சுபா கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே, ஸ்தோத்திரம். இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம். எங்கம்மாவுக்காக..."

"ஆறிப் போவுது, சுபா" என்றேன்.

"எங்கண்ணனோட வாய்க்காகவும் ஸ்தோத்திரம்."

இது கிண்டலா ஜெபமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஆமென் சொல்லிவிட்டுத் தின்றாள். குனிந்து, யாரையும் பார்க்காமல், நல்லியை உதட்டில் வைத்து உறிஞ்சினாள். சத்தம் இஸ்தோப்பு வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா சுவரில் சாய்ந்து நின்று அதைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தாயே மாரியம்மா" என்றாள்.

ஆக, சுபாவின் நன்றி யேசுவுக்குப் போனது. அம்மாவின் நன்றி மாரியம்மனுக்குப் போனது. நாய் என்ற பட்டம் எனக்கு. இந்தக் குடும்பத்தில் எல்லாம் இப்படித்தான் பிரிபடும். நான் என் பீங்கானை இழுத்து வைத்துக்கொண்டு தின்றேன். கறி நன்றாக இருந்தது. பொய் சொல்ல எனக்கு அவசியமில்லை, அந்த வேலை அன்றைக்கு முடிந்துவிட்டது. வத்தளைச் சாப்பாட்டுப் பார்சலில் ஒரு நாளும் கிடைக்காத ருசி. இரண்டாம் தடவை போட்டுத் தின்றபோது, ரயிலில் கேக் பெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு நிமிடம் மன்னித்தேன். ஒரு நிமிடம்தான்.

"அம்மா, இன்னுங் கொஞ்சம் சோறு" என்றாள் சுபா.

அதே நேரம் இஸ்தோப்பிலிருந்து குரல் வந்தது.

"சோறு போடுற எண்ணம் இருக்கா, இல்லையா?"

அம்மாவுக்கு நின்று நின்று கால் வீங்கியிருந்தது. "நீ உக்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள், மகளுக்குப் பக்கத்தில், தோள் உரசுகிற மாதிரி. அன்று காலையிலிருந்து அவள் தின்றது உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்த குழம்பு மட்டும்தான். அவளுக்கு ஒரு பீங்கானில் போட்டுக் கொடுத்துவிட்டு, சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு முதலில் சுபாவிடம் போனேன்.

"வெளிய ஒரு மனுசன் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் பெரியப்பா.

"வயித்துப்புள்ளக்காரிக்கு மொதல்ல. இருங்க, வாறேன்."

அவர் ஏதோ முணுமுணுத்தார். ஆனால் எழுந்து போகவில்லை, பீங்கானை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.